ஆலமரத்தில் ஏறிய கொடிப்பானை

ஆலமரத்தில் பிள்ளை காய்க்க வைத்தவன் இந்தப் பூமியில் ஒருத்தன்தான். அது நான். ஒன்று இல்லை, இரண்டு காய். பத்தொன்பது நாள் மரத்திலேயே விட்டுப் பழுக்க வைத்து, பதம் பார்த்து இறக்கினேன். சந்தேகம் இருக்கிறவர்கள் சங்குமணல் அரசு ஆஸ்பத்திரிப் பழைய கட்டடத்துக்குப் போய் அந்த மரத்தையே கேட்டுக்கொள்ளலாம். பதில் சொல்லும். என்னிடம் சொல்லியிருக்கிறது.

இதை டீக்கடையில் சொன்னால் பெஞ்சே குலுங்கும். "அண்ணாச்சி, அந்தக் காய்ல ஊறுகா போட்டீரா?" என்று ஒருத்தன் கேட்பான். "போட்டேன்வே, உமக்குத்தான் ஒரு துண்டு தந்தேனே, மறந்துட்டீரா" என்பேன். ஊர் முழுக்கச் சிரித்தபடி கேட்கும் கதை அது. சிரிக்காத ஆள் ஒருத்தர் உண்டு. எப்சிபா சிஸ்டர். காதில் விழுந்தால், "பொய்" என்று ஒரே வார்த்தை. திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

என் பெயர் ஆவுடையப்பன். அந்த ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் மெக்கானிக். ஜெனரேட்டர், லிஃப்ட், ஆக்சிஜன் குழாய், பெரிய டாக்டர் வீட்டு மிக்சி, எல்லாம் என் கைதான். கடைசியில் என்னைக் கொடிக்கூடத்தில் போட்டார்கள். பிள்ளையோடு வெளியே வருகிற நச்சுக்கொடியைச் சாகவிடாமல் வைத்திருக்கிற கண்ணாடிப் பானைகள் உள்ள கூடம். அந்தப் பானைக்கு இங்கிலீஷில் ஒரு முழ நீளத்துக்குப் பெயர் இருக்கிறது. எங்களுக்குக் கொடிப்பானை.

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆன பிறகு, போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிரசவ வார்டு டாக்டரம்மா ரஹ்மத் போன் செய்தார்.

"அண்ணாச்சி, எங்க இருக்கீங்க?"

"டீக்கடையிலதான் டாக்டர். ஜப்பான்ல இருந்து நாப்பது பேரு வந்திருக்காவ, என்கிட்ட யோசனை கேக்கதுக்கு."

"அவங்களுக்கு ஒரு டீ சொல்லிட்டு நீங்க உடனே வாங்க. ஒரு அம்மா கையெழுத்துப் போட மாட்டேங்குறாங்க."

என்னைக் கூப்பிட்டதில் ஆச்சரியம் இல்லை. கொடியைப் பானையில் வைக்கத் தயங்குகிறவர்களைப் பேசிச் சம்மதிக்க வைப்பது அந்தக் காலத்திலேயே என் வேலை. நான் பேசினால் கல் கையெழுத்துப் போடும். ஒரு தடவை போட்டது.

வராந்தாவில் டாக்டர் வேகமாக நடந்துகொண்டே சொன்னார். "இருபத்தஞ்சாவது வாரம். வலி வந்திருச்சு. மருந்து குடுத்து நிறுத்திப் பாத்தோம், நிக்கல. மத்தியானத்துக்குள்ள பிறந்துரும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் நுரையீரல் ஆகல. கொடிய உடனே பானையில வச்சு, பிள்ளைய அதோடயே கோத்து விட்டுட்டா ரெண்டு மாசத்துல ஆளாக்கிரலாம். இல்லன்னா ஒரு மணி நேரம்கூடத் தாங்காது."

"அதுக்கு என்ன சொல்லுதா?"

"கொடியத் தொடக்கூடாதாம். வாங்கிட்டுப் போய்ப் பொதைக்கணுமாம். கொடி தாயோடது, அவ சம்மதம் இல்லாம நான் தொட முடியாது. முன்னால ஆஸ்பத்திரிக்காரங்க கேக்காமலே அள்ளிக் குப்பையில போட்டதுக்கும், யார் யாருக்கோ தூக்கிக் குடுத்ததுக்கும் சேத்து வந்த சட்டம் அண்ணாச்சி. எனக்குப் பிடிச்ச சட்டம்தான். இன்னைக்கு என் கழுத்துல உக்காந்திருக்கு."

"பேரு என்ன?"

"பிரம்மசக்தி."

நான் நின்றுவிட்டேன். வாயும் நின்றுவிட்டது. சரித்திரத்தில் அப்படி ஆனது அன்றைக்குத்தான். டாக்டர் பயந்துபோய் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள் பிரம்மசக்தி. உப்பளத்தில் வேலை செய்கிறவள். குதிகாலில் வெடிப்பு, முகத்தில் வெயில். தலைமாட்டில் அவள் புருஷன் ஐகோர்ட்ராஜா. லாரி ஓட்டுகிறவன், பாக்கெட்டில் வைத்த கையை எடுக்கத் தெரியாதவன் மாதிரி நின்றான். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"வந்துட்டீரா? சிங்கப்பூர் ராசா மவனையே பானையில வளத்த ஆளு."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அவளுடைய முதல் பிள்ளையும் இதே மாதிரி அவசரப்பட்டு வந்தபோது, நான் அவளிடம் விட்ட கதை அது. சிங்கப்பூருக்கு ராசா கிடையாது என்பது எனக்கும் தெரியும்.

"மண்ணுல பொதைச்சா கொடி செத்துரும், பானையில வச்சா கூடப்பொறந்த அக்கா மாதிரி இருந்து பிள்ளையப் பாத்துக்கிடும்னு சொன்னீரா, இல்லையா?"

"சொன்னேன் தாயி."

"எங்க வீட்டுல யாருக்குப் பொறந்தாலும் கொடியப் பொறவாசல்லதான் பொதைப்பாவ. உப்பும் வேப்பிலையும் போட்டு, நாய் தோண்டாத ஆழத்துல. மூணு நாள் விளக்கு வைப்பாவ. உம்ம பேச்சக் கேட்டு அத விட்டேன். சரி, பொதைக்கலன்னாலும் கும்புடவாவது செய்வோம்னு வெள்ளிக்கிழமை மஞ்சளக் கொழைச்சு எடுத்துட்டு வந்து, இந்தக் கையாலதான் பானைக்குப் பூசினேன்."

வலி வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து டாக்டரிடம் நீட்டினான். ரேஷன் கார்டு மாதிரி பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதம்தான். தாயார் பூசிய மஞ்சளால் கொடியில் கிருமித் தொற்று, ஆண் குழந்தை இறப்பு என்று இருந்தது. தேதி, குளம் உடைந்து ஊரை முக்கிய பெரிய வெள்ளத்துக்கு முந்தின நாள்.

"ஒம்பது வருசமா நான் ஒரு பச்சப்பிள்ளையத் தொட்டதில்ல டாக்டரம்மா. எங்க மதினி மவளத் தூக்கச் சொல்லி மடியில வச்சப்பக்கூடக் கையப் பின்னால கட்டிக்கிட்டேன். என் ஒடம்புல ஒட்டின எதையும் அந்தப் பானைக்குள்ள விட மாட்டேன். செத்துத்தான் போவும்னா இது எங்கூடவே இருந்து போவட்டும்."

"அக்கா, பானை மூடி இறுகலா இருக்கும். வெளியில பூசுறது உள்ள போகாது" என்றார் டாக்டர்.

"அப்ப இந்தக் காயிதத்துல எழுதியிருக்கது?"

டாக்டர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். அவர் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டு வருஷம்தான்.

எனக்குத் தெரியும். அத்தனை வருஷத்தில் கொடி வைத்த நாற்பது பானைக்கும் நாற்பது வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசினார்கள். சிலர் பூ வைத்தார்கள். ஒருத்தர் பானைக்குச் சட்டையே தைத்துப் போட்டார். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"மஞ்சள் இல்ல தாயி" என்றேன். "உம்புள்ள வெள்ளத்தன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் உசுரோட இருந்தான். ஆலமரத்துல. என் கயித்துல."

ஐகோர்ட்ராஜா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அண்ணாச்சி, என் பொண்டாட்டி வலியில கெடக்கா. இந்த நேரத்துலயுமா காய் காய்ச்ச கதை?"

"பொறுவே. சொல்லி முடிச்சிருதேன். பெறவு அடி."

நான் சொன்னது இதுதான்.

குளம் உடைந்த அன்று விடிகாலையிலேயே ஆஸ்பத்திரிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஒரே ஒரு படகு வந்தது. நோயாளிகளையும் மற்றப் பிள்ளைகளையும் ஏற்றினார்கள். கொடியோடு கோத்த பிள்ளைகள் அப்போது இரண்டு பேர். இவளுடைய ஆண் பிள்ளை, பக்கத்து ஊர் பெண் பிள்ளை ஒன்று. பானை, மோட்டார், பிள்ளை மூன்றும் சேர்ந்துதான் நகர வேண்டும். இடம் இல்லை. "ஒரு மணி நேரத்துல அடுத்த நடை அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டர் அதே படகில் ஏறினார். நானும் எப்சிபா சிஸ்டரும் நின்றுகொண்டோம். அரை மணி நேரத்தில் ஜெனரேட்டர் முங்கியது. ஏணியில் பானைகளையும் பிள்ளைகளையும் மொட்டைமாடிக்கு ஏற்றினோம். மீன் ஏற்றுகிற தெர்மோகோல் பெட்டிக்குள் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நீர்ப்பையில், உள்ளங்கை அகலம்.

"மோட்டார் எதுக்கு?" என்று குறுக்கே கேட்டது டாக்டர் இல்லை, ஐகோர்ட்ராஜா.

"பிள்ளையோட ரத்தம் கொடிக்குப் போயித் திரும்பி வரணும்வே. அந்த நெஞ்சு ஒரு சுண்டைக்காய். அதால அவ்வளவு தூரம் தள்ள முடியாது. மோட்டார்தான் தள்ளும். மோட்டார் நின்னா?"

அந்த மாடியின் மேல்தான் ஆலமரக் கிளை கவிந்திருந்தது. அக்கம்பக்கத்தில் மாடு கன்று போட்டால் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, அந்த மரத்தில்தான் தொங்கவிடுவார்கள். பால் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும் என்று. ஏழெட்டுச் சாக்கு மழையில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. பானையையும் மரத்தில் தொங்கவிட்டால்? மேலே ஏற்றினால் ரத்தம் பிள்ளைக்கு இறங்கும். கீழே இறக்கினால் பிள்ளையிடமிருந்து கொடிக்குப் போகும். கிளையின் மேல் கயிற்றைப் போட்டு, கிணற்றில் வாளி இறைப்பது மாதிரி ஏற்றி, இறக்கி, ஏற்றி, இறக்கி.

இரண்டு பானை, இரண்டு கயிறு, இரண்டு பேர். ஒரு பானை ஒரு யானைக்குட்டி கனம். சரி, ஒரு குடம் தண்ணீர்க் கனம். சிஸ்டர் தாளத்துக்குப் பாட்டுப் பாடினார். சர்ச்சில் பாடுகிற பாட்டு. பாட்டு ஏறும்போது பானை ஏறும். எனக்குப் பாட்டு வராது, எண்ணினேன். காலை ஆறரைக்கு ஆரம்பித்தது. பத்து மணிக்கு உள்ளங்கைத் தோல் போய்விட்டது. மத்தியானம் விரல் மடங்கின இடத்திலேயே நின்றுவிட்டது. கையை விரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த படகு வரவில்லை. உள்ளே யாரும் இல்லை என்று பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டது எங்களுக்குத் தெரியாது.

"நாலு மணி போல எனக்குக் கண்ணு இருண்டுட்டு தாயி. விழுந்துட்டேன். எந்திரிச்சுப் பாக்கையில உம்புள்ளைக்கு உசுரு இல்ல. அஞ்சரைக்கு எவனோ மீன்காரன் தற்செயலா வந்தான். அந்தப் பெண் பிள்ளை பொழைச்சுது. உம்ம மஞ்சள் ஒண்ணும் செய்யல. எங்கை விட்டுட்டு."

எந்தக் கதைக்கும் எனக்கு அவ்வளவு அமைதி கிடைத்ததில்லை.

பிரம்மசக்தி தலையணையில் சாய்ந்தாள். "பத்தொம்பது நாள்னு ஊரெல்லாம் சொன்னீரு. இப்ப ஒரு பகல்ங்கீரு. ராசா மவன்னீரு. மரம் பேசுச்சுன்னீரு. இதுல எத நான் நம்ப?"

அதுதான் கேள்வி. வெள்ளம் வடிந்த பிறகு விசாரணைக்கு வந்த அதிகாரியும் அதைத்தான் கேட்டார். அன்றைக்கு என் கையில் கட்டு, எதிரே காகிதத்தோடு ஒரு மனுஷன். உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே. மரம் தானாகக் குனிந்து பானையை வாங்கியது என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அன்னைக்கு மாடியில வேற யாரு இருந்தா?" என்றார் டாக்டர்.

"எப்சிபா சிஸ்டர்."

"கூப்பிடுங்க."

எப்சிபா இப்போது நர்சிங் சூப்பரிண்டெண்ட். அந்த மாசக் கடைசியில் ஓய்வு. பிரிவு உபசார விழாவுக்கு பேனர்கூட அடித்தாகிவிட்டது. கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் மடிப்புக் கலையாமல் வந்தார். கட்டிலில் யார் என்று பார்த்தார். கதவுப் பக்கத்திலேயே நின்றார்.

"சிஸ்டர், வெள்ளத்தன்னைக்கு மாடியில, மரத்துல பானை கட்டினது நெசமா?"

"பொய்."

"கொஞ்சம் யோசிச்சு..."

"இவர் வாயில என்னைக்கு நெசம் வந்திருக்கு டாக்டர்? அந்தப் பெண் பிள்ளை முதல் படகுலயே போயிருச்சு, அன்னைக்கு ரெண்டு பானையும் காலிதான். ரெக்கார்டுல இருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிரம்மசக்திக்கு மறுபடியும் வலி. இந்தத் தடவை நெருக்கமாக வந்தது. டாக்டர் மணியைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார். "அக்கா, நேரம் இல்ல. போடுங்க."

"மாட்டேன்."

"சிஸ்டர் சொல்லாட்டாப் போவுது!" நான் கத்தினேன். "இந்தா, எங்கையப் பாரு தாயி. கயிறு அறுத்த தழும்பு. நாந்தான் விட்டேன். உம்புள்ளையக் கொன்னது உங்கை இல்ல, இந்தக் கை. இத நம்பு. இது ஒண்ண மட்டும் நம்பு. இனிமே நான் ஒரு கதையும் சொல்ல மாட்டேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். வெகு நேரம். அந்த முகத்தில் ஏதோ மாறியது. நம்பிவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம். அவள் சொன்னது இது: "அப்ப நீருதானா? ஒம்பது வருசமா எம்புள்ளையக் கொன்னுட்டு, அத டீக்கடையில வச்சுச் சிரிச்சுக்கிட்டா இருந்தீரு?"

ஐகோர்ட்ராஜா என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தான். பலம் உள்ள பயல். என் கால் தரையை விட்டு ஒரு ஆள் உயரம் எழும்பிவிட்டது. சரி, ஒரு விரல் உயரம். நான் தடுக்கவில்லை. அடித்தால் அடிக்கட்டும், கையெழுத்து விழுந்தால் போதும்.

"அவர விடுங்க தம்பி."

எப்சிபா சிஸ்டர் கதவை விட்டு நகர்ந்து கட்டிலின் கால்மாட்டுக்கு வந்திருந்தார்.

"அவரு கயித்துல இருந்தது உங்க பிள்ளை இல்ல. அது அந்தப் பெண் பிள்ளை. உங்க பையன் என் கயித்துல இருந்தான்."

"பொய்" என்றேன். என் வாயில் அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. "டாக்டர், இந்தம்மா பொய் சொல்லுது."

"நீரு சும்மா இரும்." என்னைப் பார்க்காமலே சொன்னார். "நாலு மணிக்கு இவரு விழுந்தாரு. அந்தப் பிள்ளையோட பானை கீழ எறங்கினது எறங்கினபடியே நின்னுட்டு. ஒரு கயித்துக்கு ரெண்டு கை வேணும். எங்கிட்ட இருந்தது ரெண்டு கைதான். கூப்பிட்டுப் பாத்தேன், இவரு எந்திரிக்கல. என் கயித்தக் கைப்பிடிச் சுவத்துல கட்டிப் போட்டுட்டு அவரு கயித்த எடுத்தேன்."

பிரம்மசக்தி மூச்சை இழுத்து விட்டாள். "எதுக்கு எம்புள்ளைய விட்டீங்க?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"ஒம்பது வருசமா ஜெபத்துல கேக்கேன். அந்தப் பிள்ளைக்கு நெறம் நல்லா இருந்துது, அதுதான் தேறும்னு நெனைச்சேன்னு சொல்லலாம். டாக்டருங்க ஒத்துக்கிடுவாங்க. ஆனா நான் அப்படி நெனைக்கல. என் கயிறு மழையில ஊறிக் கனத்துப் போயிருந்துது. இவரு கயிறு லேசா ஓடிச்சு." அவர் குரல் வார்டில் மருந்து நேரம் சொல்கிற குரல்தான், மாறவே இல்லை. "அவ்வளவுதான்ம்மா."

"விடும்போது இருந்தானா?"

"இருந்தான். விட்டதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் இருந்தான். கைய மூடி மூடித் தொறந்தான். நான் பாட்டு நிறுத்தாம அதப் பாத்துக்கிட்டே இந்தப் பக்கம் இழுத்தேன்."

ஐகோர்ட்ராஜா என் சட்டையை எப்போது விட்டான் என்று தெரியவில்லை. அவன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"மஞ்சள்?" என்றாள் பிரம்மசக்தி.

"மஞ்சளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. முந்தின நாளே போயிட்டான்னு எழுதிட்டா, பிள்ளைகள மாடியில விட்டுட்டுப் போனது வெளிய தெரியாதுன்னு பெரிய டாக்டர் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாரு. எங்கை விட்டதும் வெளிய தெரியாது. நானும் கையெழுத்துப் போட்டேன்."

அவள் அழவில்லை. நான் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், சிஸ்டரின் முகத்தில் எதையாவது எடுத்து எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அடுத்த வலி வந்துவிட்டது. கம்பியைத் தேடிய கையால் புருஷன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அவன் அசையவில்லை. வலி இறங்கியதும் அந்தக் கையை டாக்டர் பக்கம் நீட்டினாள்.

"பேனாவத் தாங்க. கொடியப் பானையில வையுங்க."

கையெழுத்துக் கோணலாக விழுந்தது. வண்டியைத் தள்ள ஆட்கள் வந்தார்கள். கதவருகே அவள் நிறுத்தச் சொன்னாள். எங்கள் இரண்டு பேரையும் ஒரே விரலால் காட்டினாள்.

"இவுக ரெண்டு பேரும் உள்ள வரப்படாது. பானைக்கிட்டயும் வரப்படாது. எம்புள்ளை பொழைச்சு எந்திரிச்சு நடந்தாலும் இவுக கண்ணுல படப்படாது."

வண்டி போய்விட்டது. ஐகோர்ட்ராஜா செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடினான். டாக்டர் ரஹ்மத் அந்த பிளாஸ்டிக் உறைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். அவருக்கு நிற்க நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"சிஸ்டர், அந்த அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு. இதை நான் ரெக்கார்டுல திருத்தினா விசாரணை வரும். நீங்க ஓய்வு பெற முடியாது, கோர்ட்டுக்குத்தான் போகணும். அண்ணாச்சி சொன்ன கதையோட கதையா இதையும் விட்டுரவா?"

"கதைதான் டாக்டர்" என்றேன் அவசரமாக. "முழுக்கக் கதை. என்னைப் பத்தித்தான் ஊருக்கே தெரியுமே."

எப்சிபா சிஸ்டர் டாக்டர் கையிலிருந்து அந்தக் காகிதத்தை வாங்கினார். அடியில் இருந்த தன் கையெழுத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். உறைக்குள் இருந்தது, அழியவில்லை. திருப்பிக் கொடுத்தார்.

"நடந்தது டாக்டர். எழுதிக்கோங்க."